கூரையிலிருந்து விழுந்தது

கெண்ட்ராவின் வலது இடுப்பெலும்புக்கு மேல் தோல் உரிந்து நான்கு நாளாகிறது. இடுப்பில் மூன்று சுமைகள். கருவிப்பை தொங்கும் தோல் பட்டை, கூரையிலிருந்து விழாமல் பிடிக்கும் வார், இரண்டுக்கும் அடியில் ஜீன்ஸுக்குள் செருகிய கைத்துப்பாக்கி. குனிந்து பழைய தார் ஓடுகளை மண்வெட்டியால் நெம்பும்போதெல்லாம் துப்பாக்கியின் பிடி அந்தப் புண்ணிலேயே போய் உட்காரும். மே மாத வெயிலில் வியர்வையும் தார்த்தூளும் சேர்ந்து இறங்கினால் பல்லைக் கடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அன்று காலை பத்து மணிக்கு மேல் அவளால் முடியவில்லை. கூரைக் குழுவின் மற்ற இருவரும் அந்தப் பக்கச் சரிவில் இருந்தார்கள். துப்பாக்கியை உறையோடு உருவிக் கருவிப்பையின் ஆணி அறைக்குள் போட்டு மூடினாள். ஓடு பிரித்து முடியும்வரை ஆணிக்கு வேலை இல்லை, அறை காலியாகத்தான் கிடந்தது. அதன் பொத்தான் தேய்ந்து போயிருந்தது அவளுக்குத் தெரியும்.

துப்பாக்கி அவளிடம் இருப்பது குழுத் தலைவர் வெர்னனுக்குத் தெரியாது. தன் டிரக்கில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் துப்பாக்கியை இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ள யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வெர்னனின் கூரைக்கு வெர்னன்தான் சட்டம்.

மதியம் வெர்னனின் டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெர்னனுக்குப் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி. மெக்சிகோக்காரன் எலிசியோவுக்கு மனைவி கட்டிக் கொடுத்த சோள ரொட்டியும் பீன்ஸும். கெண்ட்ரா பசியில்லாமல் சிப்ஸைக் கொறித்தாள்.

"ட்ராய் நேத்து திரும்பவும் மெசேஜ் அனுப்பினான்," என்றாள். ட்ராய் அவளுடைய முன்னாள் கணவன். ஒருமுறை அவள் தாடையை உடைத்தவன். மார்ச்சில் ஜெயிலிலிருந்து வெளியே வந்திருந்தான்.

"அவன் கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்ல தடை உத்தரவு வாங்கியிருக்கியே," என்றார் வெர்னன்.

"அதை வாசல்ல ஒட்டி வைக்கட்டுமா? படிச்சுப் பாத்துட்டுத் திரும்பிப் போவானா? போன மாசம் அவன் வண்டி வீட்டு முன்னாடி நின்னப்ப போலீசுக்குப் போன் பண்ணேன். அவங்க வந்து சேர முக்கால் மணி நேரம். அதுக்குள்ள நான் ஒரு கேக்கே சுட்டிருக்கலாம்."

எலிசியோ சிரித்தான். வெர்னன் சிரிக்கவில்லை.

"அதுக்குத்தானே துப்பாக்கியை வாங்கின. வேணாம்னு நான் சொல்லல. கூரைல வேணாம்னுதான் சொல்றேன். என் மச்சான் டேரில் ஏணில ஏறுறப்ப தொடையிலயே சுட்டுக்கிட்டான். எதிரி யாரும் வரல. ஏணிதான் எதிரி."

"டேரில் குடிச்சிருந்தான்னு நீங்கதானே சொன்னீங்க."

"குடிச்சவன் கைல சுத்தியல் இருந்தா விரல் நசுங்கும். அவ்வளவுதான்."

"டிரக்ல விட்டா கண்ணாடியை உடைச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க வெர்னன். இந்த ஊர்ல பாதித் துப்பாக்கி அப்படித்தான் கை மாறுது. எனக்கு இதுவும் ஒரு கருவிதான். உங்களுக்குச் சுத்தியல் மாதிரி."

"நீ என்னப்பா சொல்ற?" என்று எலிசியோவைக் கேட்டார் வெர்னன்.

எலிசியோ வாயைத் துடைத்துக்கொண்டான். "அவ இடுப்புல இருந்தா உரிமை. என் இடுப்புல இருந்தா ராத்திரி நியூஸ். எனக்கு எதுக்கு முதலாளி இந்தப் பேச்சு? நான் பீன்ஸ் சாப்பிடுறேன்."

"பீன்ஸும் ஆயுதம்தான்," என்றாள் கெண்ட்ரா. "மத்தியானம் உன் பக்கத்துல வேலை செய்யறவளுக்குத் தெரியும்."

இதற்கு வெர்னனும் சிரித்துவிட்டார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கூரையிலிருந்து கருவியைத் தவறவிட்டவர் குழுவுக்கு ஒரு பெட்டி பியர் வாங்கித்தர வேண்டும். செவ்வாய்க்கிழமை வெட்டுக்கத்தியை விட்ட எலிசியோ அன்று மாலையே வாங்கிக் கொடுத்தான். சரிவில் உட்கார்ந்தபடியே பின்புறத்தால் வழுக்கி இறங்குவது கூரைக்காரர்கள் எல்லோரும் செய்வது. அப்படி இறங்கும்போது பை ஒரு பக்கம் சாயும், உள்ளே இருப்பது நழுவும். ஆணியும் கத்தியும் விழுவது பெரும்பாலும் அப்படித்தான்.

இரண்டரை மணிக்கு ஓரத் தகட்டை அடிக்க உட்கார்ந்தபோது கெண்ட்ராவின் கை தானாகப் பைக்குள் போனது. ஆணி அறை காலி.

பொத்தான் திறந்து கிடந்தது. மதியத்திலிருந்து அந்தச் சரிவில் எத்தனை முறை வழுக்கி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பிரித்த ஓடுகளையெல்லாம் தார்ப்பாய் வழியாகக் கீழே தள்ளியாயிற்று. பாதி குப்பை ஏற்றும் ட்ரெய்லருக்குள், பாதி சுவரோரப் பூப்புதர்களுக்குள். குண்டு நிரப்பிய துப்பாக்கி அதில் எங்கோ கிடந்தது.

கீழே வீட்டின் சொந்தக்காரி திருமதி ஹாஃப்னர் தோட்டக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். காலையில் அவள் சொன்னது கெண்ட்ராவுக்கு நினைவு வந்தது. "பேத்திங்க மூணரைக்கு ஸ்கூல் பஸ்ல இறங்குவாளுங்க கண்ணு. நேரா அந்தப் புதருக்குள்ளதான் ஓடுவாளுங்க. அங்கதான் அவளுங்க வீடு. ஆணி கிடக்காமப் பாத்துக்கங்க."

சொல்லாமல் இறங்கித் தேடலாம். கிடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கிடைக்காவிட்டால்? சொன்னால் வேலை போகும். வேலை போனால் வாடகை போகும், வக்கீல் போவான், அடுத்த வாரக் கோர்ட்டில் ட்ராய்க்கு எதிரே தனியாக நிற்க வேண்டும்.  பிறகு கூரை உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள்.

"வெர்னன். மெஷினை நிறுத்துங்க."

அவர் ஆணி அடிக்கும் கருவிக்குக் காற்று தரும் கம்ப்ரஸரை நிறுத்தினார். திடீரென்று தெருவே அமைதியானது.

"துப்பாக்கி என்கிட்டதான் இருந்துச்சு. பைல வச்சிருந்தேன். இப்ப இல்ல. கீழ விழுந்திருக்கு."

வெர்னன் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தை. "உள்ள குண்டு?"

"இருக்கு. உறைக்குள்ளதான் இருக்கு."

"எந்தப் பக்கம் இறங்கின?"

"பின்பக்கம் முழுக்க."

அவர் எலிசியோவையும் கூப்பிட்டார். ஏணியில் இறங்கி நேராக ட்ரெய்லருக்குள் ஏறினார். அறுபதை நெருங்கிய மனிதர், இரண்டு முழங்காலும் தேய்ந்தவர், பிய்ந்த ஓடுகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வெளியே வீசத் தொடங்கினார். எலிசியோ மறுமுனையிலிருந்து ஆரம்பித்தான். கெண்ட்ரா காந்தக் கட்டையை எடுத்தாள். சக்கரம் வைத்த நீளமான இரும்புப் பெட்டி அது. வேலை முடிந்த மாலையில் புல்லின் மேல் தள்ளிக்கொண்டு போய் சிந்திய ஆணிகளைப் பொறுக்குவார்கள். சாயங்காலம் செய்ய வேண்டியதை இப்போதே செய்தாள்.

புல்வெளியில் ஆணிகள்தான் வந்தன. சிட்டுக் சிட்டுக் என்று ஒட்டிக்கொண்டே இருந்தன. திருமதி ஹாஃப்னர் ஐஸ் போட்ட டீ கொண்டுவந்தாள்.

"என்ன எல்லாரும் கீழ வந்துட்டீங்க? எதைத் தேடுறீங்க?"

"ஆணிதான் அம்மா," என்றார் வெர்னன் தலையைத் தூக்காமல். "பிள்ளைங்க வர்ற நேரமாச்சே."

"நல்ல மனசு உங்களுக்கு," என்றாள் அவள், டீயை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கெண்ட்ரா புதர்ப் பக்கம் போனாள். சக்கரம் உள்ளே நுழையவில்லை. கட்டையைக் கழற்றிக் கையில் பிடித்து, முழங்காலிட்டுக் கிளைகளுக்கு அடியில் நீட்டினாள். டொக் என்றது. ஆணியின் சத்தம் இல்லை.

கிளைகளை விலக்கினாள். உள்ளே தரையில் ஒரு பழைய துண்டு விரித்திருந்தது. அதன் மேல் பிளாஸ்டிக் கெட்டில், நான்கு குட்டிக் கோப்பைகள், ஒரு கோப்பையில் மண். பக்கத்தில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, உறையோடு அவளுடைய துப்பாக்கி.

"இங்க இருக்கு," என்றாள். 

வெர்னன் வந்து குனிந்தார். கோப்பைகளையும் பார்த்தார். துப்பாக்கியைப் பிடுங்கி, குண்டுப் பெட்டியைக் கழற்றி, அறைக்குள் இருந்த ஒற்றைக் குண்டையும் வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தெருமுனையில் மஞ்சள் பஸ் திரும்பியது. சற்று நேரத்தில் இரண்டு சிறுமிகள் பைகளைப் புல்லில் எறிந்துவிட்டுப் புதருக்குள் ஓடினார்கள். உள்ளேயிருந்து, "யாருடி என் கெட்டிலைத் தள்ளிவிட்டது?" என்று கேட்டது.

வெளியே எறிந்ததையெல்லாம் மறுபடி ட்ரெய்லரில் அள்ளிப்போட மாலையாகிவிட்டது. அன்று முடிக்க வேண்டிய சரிவு பாதியில் நின்றது. அதன் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள்.

"நாளைக்கு நான் வரலாமா?" என்று கேட்டாள் கெண்ட்ரா.

"வா. அது இல்லாம வா."

"ட்ராய் இங்க வந்தா?"

"சுத்தியலோட மூணு பேர் இருக்கோம்."

"வீட்டுக்குப் போற வழில?"

"உன் பின்னாடி என் டிரக் வரும். கோர்ட் முடியற வரைக்கும் தினமும்."

"நீங்க திரும்பிப் போனதுக்கு அப்புறம்? ராத்திரி?"

வெர்னன் கயிற்றின் முடிச்சை இறுக்கினார். அது ஏற்கனவே இறுகித்தான் இருந்தது.  பிறகு சட்டைப் பையிலிருந்து குண்டுகளையும், தன் டிரக்கில் பூட்டி வைத்திருந்த துப்பாக்கியையும் எடுத்துத் தனித்தனியாக அவள் கையில் கொடுத்தார்.

எலிசியோ பேச்சை மாற்றினான். "முதலாளி, கூரைலேர்ந்து விழுந்துச்சில்ல? அப்ப ஒரு பெட்டி பியர் வரணும்."

"கருவிக்குத்தான் அந்தச் சட்டம்."

"நான் வாங்கித் தர்றேன்," என்றாள் கெண்ட்ரா. "கருவிதான்னு மத்தியானமே சொன்னேனே."

"அந்தப் பியரைக் குடிச்சா அது கருவின்னு நானும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நான் குடிக்கமாட்டேன்."

"குடிக்கலேன்னாலும் கடன் கடன்தானே?"

வெர்னன் வண்டியில் ஏறினார்.

வீடுவரை அவருடைய டிரக் கெண்ட்ராவின் கண்ணாடியில் தெரிந்துகொண்டே வந்தது. அவள் உள்ளே போய்க் கதவைப் பூட்டும்வரை நின்று, ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுப் போனார். சத்தம் தேய்ந்ததும் அவள் குண்டுப் பெட்டியைத் துப்பாக்கிக்குள் தள்ளி, ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள். இடுப்புப் புண்ணில் மருந்து போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அது இல்லாமல்தான் வேலைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை பியர் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள். வெர்னன் அதைத் தொடாமல் அவள் வண்டியிலேயே திருப்பி வைத்தார். எலிசியோ வாரா வாரம் நினைவுபடுத்துகிறான். கெண்ட்ரா குழுவுக்கு ஒரு பெட்டி பியர் பாக்கி.