பத்தொன்பது சீட்டுகள், ஒரு வேன்

1

மாலை ஐந்து பத்து. சௌமியா சொன்னதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்த நேரம் மட்டும்தான். மற்றதைத் தொலைபேசியில் கேட்டு, பாதியை நானே நிரப்பிக்கொண்டேன்.

அவள் கணித ஆய்வாளர். ஒரே சூத்திரத்தில் ஓர் எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் அது எங்கே போய்ச் சேரும் என்பது ஓர் ஆய்வு. பலருடைய விருப்பத்திலிருந்து நியாயமாக ஒரு முடிவை எடுப்பது எப்படி என்பது இன்னொன்று. கதை இரண்டாவதைப் பற்றியது. [அப்படித்தான் நினைத்திருந்தேன்.]

2

ஓசூரில் ஒரு கம்பெனி. பெண்களுக்காக ஒரே ஒரு வேன். பேரிகைக்கா, அஞ்செட்டிக்கா, ராயக்கோட்டைக்கா? பத்தொன்பது பேர் சீட்டு எழுதினார்கள். அங்கே எச்.ஆரில் இருக்கும் சௌமியாவின் தம்பி ஹரீஷ்குமார் அந்த ஐந்து பத்துக்குத்தான் சீட்டுகளை அக்காவிடம் கொண்டுவந்தான்.

இரண்டாவது விருப்பத்தையும் எழுதச் சொன்னவள் சௌமியா. எப்படி எண்ணுவது என்று முன்பே சொல்ல மறந்தவளும் அவள்தான்.

(வினோதாவை இங்கே அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.) சீட்டு எழுதியவர்களில் வினோதா அஞ்செட்டிக்காரி. வேன் வராவிட்டால் வேலையை விட்டுவிடும்படி அப்பா ராமப்பன் சொல்லியிருந்தார்.

3

பேரிகை எட்டு. அஞ்செட்டி ஆறு. ராயக்கோட்டை ஐந்து.

"எட்டுதானக்கா பெருசு? பேரிகைனு போட்டுடட்டா?"

"இருடா. கடைசியா வந்த ராயக்கோட்டையைக் கழிச்சா, அந்த அஞ்சு பேரும் ரெண்டாவதா எழுதுனது அஞ்செட்டி. பதினொண்ணு ஆயிடுது."

"பஸ்ஸே இல்லாத ஊருன்னு பாவம் பாத்திருக்காங்க. சரி, அஞ்செட்டி."

"ரெண்டு ரெண்டு ஊரா மோத விட்டா ராயக்கோட்டை ரெண்டையும் ஜெயிக்குது. பேரிகைக்காரங்க எட்டு பேரும் அஞ்செட்டியைக் கடைசில தள்ளியிருக்காங்க, அஞ்செட்டிக்காரங்க ஆறு பேரும் பேரிகையைத் தள்ளியிருக்காங்க."

"உனக்கு டாக்டர் பட்டம் குடுத்தவனைக் கூட்டிட்டு வாக்கா. மொதல்ல அவனைக் கேக்கணும்."

4

அந்த முதல் ஆய்வுக்காகச் சௌமியா வரையும் படங்களில், எண் போய்ச் சேரும் இடத்துக்கு ஒன்றாக மூன்று வண்ணங்கள். எல்லையில் இரண்டு மட்டும் சந்திக்கும் புள்ளி ஒன்றுகூட இல்லை. மூன்றாவதும் அங்கே இருக்கும். இந்தக் கதைக்கு நல்ல உவமை. ஆனால் படத்தில் யாருக்கும் வேலை போவதில்லை.

5

பேரிகை என்றால், சௌமியா தன் சொந்த ஊருக்குச் செய்துவிட்டாள் என்பார்கள். அஞ்செட்டி என்றால், வினோதாவுக்காக. ராயக்கோட்டை என்றால், ஐந்து பேர் கேட்ட ஊருக்கு வேன் போவதை மற்றப் பதினான்கு பேருக்கும் அவள் எப்படி

சீட்டுகளைப் பார்த்தாயிற்று. இனி எந்த முறையைச் சொன்னாலும் ஊரைச் சொன்னதாகத்தான் ஆகும்.

6

மூன்று முடிவுகளையும் எழுதிப் பார்த்துக் கிழித்தேன். நடந்தது இவ்வளவுதான். மறுநாள் சௌமியா கம்பெனி கேன்டீனுக்கே வந்து எல்லா எண்ணிக்கையையும் மறைக்காமல் சொன்னாள். இந்த முறை எண்ணும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மறுபடி எழுதுங்கள் என்றாள்.

ராயக்கோட்டைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வினோதா சீட்டை வாங்கவில்லை.

"எங்களுக்குப் பாவம் பாத்தவங்க, தாங்களே ஜெயிக்கலாம்னு தெரிஞ்சதுக்கப்புறமும் பாவம் பாப்பாங்களா மேடம்?"