பாட்டில் படம்

எங்கள் கண்ணாடித் தொழிற்சாலை, சின்னப் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரு படம் எடுத்தது. மணல் எப்படிப் பாட்டில் ஆகிறது என்பதுதான் கதை. கதாநாயகன் மணல், வில்லன் குமிழி என்று சொல்லிச் சிரிப்பார் ரீல் அண்ணன். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வேன் ஓட்டிப் போய், புரொஜெக்டரில் படத்தைக் காட்டுகிறவர் அவர். ரீல் சுற்றுவதால் மட்டும் வந்த பெயர் இல்லை அது. அவர் வாயைத் திறந்தாலும் ரீல்தான்.

படத்தோடு ஒரு மரப்பெட்டியும் போகும். மணல், சோடா, சுண்ணாம்பு எல்லாம் தனித்தனிச் சிமிழில் இருக்கும். முனை மழுங்க உருட்டியெடுத்த கண்ணாடி உடைசலும் உண்டு. ஒரு நல்ல பாட்டில். அதற்குப் பக்கத்தில் கழித்துப்போட்ட பாட்டில்கள். ஒன்றில் குமிழி, ஒன்றுக்குக் கழுத்து கோணல், ஒன்றின் உடம்பில் சின்னக் கல். பிள்ளைகள் தொட்டுப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பழுது பார்த்துக் கழிப்பதுதான் என் வேலையும். நாங்கள் நிற்கிற மறைப்புக்குள் இருட்டு. எதிரே ஒரு வெள்ளைப் பலகையில் மட்டும் வெளிச்சம் இருக்கும். அதற்கு முன்னால் பாட்டில்கள் ஊர்ந்து போகும். சரியில்லாததைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் போட வேண்டும். கண் எரியும், தோள் கழன்று விழுந்துவிடும்போல இருக்கும், உட்கார முடியாது.

படம் எடுக்க வந்தவர்கள் என் முகத்துக்கு நேராக ஒரு விளக்கு வைத்தார்கள். நானும் தலையைப் படிய வாரி, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். விளக்கு எரிந்ததும் எல்லாப் பாட்டிலும் ஒன்றுபோலப் பளபளத்தது. குமிழியையும் காணோம், கல்லையும் காணோம். பழுது தெரிந்தால்தானே பாடம்? விளக்கை அணைத்துவிட்டார்கள். படத்தில் நான் கறுப்பாக ஓர் உருவம். தூக்கிய கையும் பாட்டிலும்தான் தெரியும். என் கல்யாணப் போட்டோவில்கூட நான் இவ்வளவு அழகாக விழுந்திருக்க மாட்டேன் என்று ரீல் அண்ணன் கேலி செய்தார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு நாள், டீ குடிக்கிற நேரத்தில், வேன் அடுத்துப் போகிற ஊரின் பேரைச் சொன்னார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

அந்த ஊரில் என் அக்கா இருக்கிறாள். அக்காவிடம் என் மகள் இருக்கிறாள்.

மகளுடைய அப்பா போய்ச் சேர்ந்தபோது அவள் கைக்குழந்தை. எனக்கு மாற்றி மாற்றி ஷிப்ட். உலை அணையாத தொழிற்சாலை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கொடுத்தேன். அக்கா கண்ணுக்குள் வைத்துத்தான் வளர்க்கிறாள், குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பிள்ளைக்கு அவள்தான் அம்மா. நான் எங்கோ இருக்கிற சித்தி. அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவ கொஞ்சம் பெருசாகட்டும், நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ வராத. உன்னால அழாம இருக்க முடியாதுடி."

சரி என்றேன். அன்றிலிருந்து போகவில்லை.

ரீல் அண்ணனோடு போய்ப் பெட்டியை விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வழக்கமாகப் போகிறவன் போன தடவை ஒரு பாட்டிலை உடைத்து, தன் காலையும் கிழித்துக்கொண்டு படுத்திருந்தான். நான் போகிறேன் என்றேன். சிமிழில் ஒட்டிய பேரைப் படிக்கத் தெரியுமா என்று மேலாளர் கேட்டார். வயது போன பிறகு, தொழிற்சாலையின் மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவள் நான். சுண்ணாம்பில் கொஞ்சம் திணறினேன், ஆனால் படித்துவிட்டேன். பார்க்க மட்டும்தான் போகிறேன், வாயைத் திறக்கமாட்டேன் என்று மனதுக்குள் அக்காவிடம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் வகுப்பு அறை. சன்னல்களில் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். படம் ஓடியது. பிள்ளைகள் உலையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் ஒரே சீருடை, பெண்பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே ரெட்டைப் பின்னல். ஓடுகிற பாட்டிலில் கடுகளவு குமிழியைப் பிடிக்கிற கண், பெற்ற பிள்ளை எது என்று தெரியாமல் வரிசை வரிசையாக அலைந்தது.

படம் முடிந்து போர்வைகளை விலக்கியதும் பெட்டியைத் திறந்தேன். நல்ல பாட்டிலை ஒருவரும் சீந்தவில்லை. குமிழிப் பாட்டிலுக்கு அடிதடி. கோணல் கழுத்துப் பாட்டில் எட்டிப் பார்த்துக் காப்பி அடிக்கிற மாதிரி நிற்கிறது என்று ஒருவன் சொல்ல, டீச்சரே சிரித்துவிட்டார்.

குமிழிப் பாட்டிலைக் கைப்பற்றிய ஒரு பெண் என்னிடம் வந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"இந்தக் கம்பெனியிலதான் எங்க சித்தி இருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன வேலை பாக்குறாங்க?"

"கெட்ட பாட்டில பிடிக்கிற வேலை. போலீஸ் மாதிரின்னு எங்க அம்மா சொன்னாங்க."

அக்கா என்னை அப்படிச் சொல்லித்தான் வைத்திருக்கிறாள். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியும்," என்றேன்.

"படத்துல இருட்டுல நின்னாங்களே, அது அவங்களா?"

"ஆமா. அவங்கதான்."

"மூஞ்சியே தெரியல."

"அங்க அப்படித்தான் நிக்கணும் கண்ணு."

அவள் திரும்பி வகுப்புக்கே அறிவித்தாள். பின்வரிசையில் ஒருத்தி, இவள் வாரத்துக்கு ஒரு சித்தியைக் கொண்டு வருவாள் என்றாள். என் மகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இன்னொரு தடவை போடச் சொல்லுங்கள் என்று என் புடவையைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் மணியைப் பார்த்தார். எங்கள் ஸ்டாருக்கு ரசிகர்கள் வந்துவிட்டார்கள் என்று ஆரம்பித்த ரீல் அண்ணன், என் பக்கம் திரும்பியதும் மிச்சத்தை விழுங்கிவிட்டார். டீச்சரிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு, ரீலைப் பின்னால் சுற்றினார்.

மறுபடியும் இருட்டு. கறுப்பு உருவம் வந்ததும் அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். மறைக்காதே என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவள் நகரவில்லை. குமிழிப் பாட்டிலை உருவத்தைப் போலவே தூக்கிப் பிடிக்கப் பார்த்தாள்; பாட்டில் கையில் நழுவியது. நான் பின்னால் போய், அவள் விரல்களை எடுத்துக் கழுத்தில் பொருத்தினேன்.

"எங்க சித்தி இப்படித்தான் பிடிப்பாங்களா?"

"இப்படியேதான்."

அவள் விரல் சூடாக இருந்தது. அந்தக் காட்சி முடியும்வரை நான் கையை எடுக்கவில்லை. அழவும் இல்லை.

போர்வைகளை அவிழ்த்த பிறகும் அவள் என்னை விடவில்லை.

"சித்தி ஏன் வரவே மாட்டேங்கிறாங்கன்னு கேட்டுச் சொல்வீங்களா?"

"கேக்குறேன்."

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடிதான் எங்க வீடு, பச்சைக் கதவு. ராத்திரி தங்கணும்னா என் பக்கத்துல இடம் இருக்குன்னு சொல்லுங்க. நான் உதைக்க மாட்டேன்."

சொல்கிறேன் என்றேன். மணி அடித்தது, அவள் ஓடிவிட்டாள்.

பச்சைக் கதவு என்றது ரீல் அண்ணன் காதிலும் விழுந்திருக்கும்; நான் கேட்காமலே வேனைப் பின்தெருவுக்குத் திருப்பினார். பச்சைக் கதவு திறந்திருந்தது. வாசலில் முதுகைக் காட்டி நின்று, அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முடியில் நரை ஏறியிருந்தது. சின்னச் சீருடை ஒன்றை உதறி, சுருக்கம் நீவி, கொடியில் போட்டாள்.

"நிறுத்தட்டுமாம்மா?" என்றார் ரீல் அண்ணன்.

"வேண்டாம்ணே. கொஞ்சம் மெதுவா மட்டும் போங்க."