நானூற்றுப் பத்து வாட் சகலை

கோவில்பட்டியில் மின்விசிறி கரண்டில் ஓடும், மிக்ஸி கரண்டில் ஓடும், வீட்டுக் கம்ப்யூட்டர் பொறாமையில் ஓடும். ஆகவே புதிதாக ஒன்று அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள், யார்மேல் பொறாமை என்பதை முடிவு செய்துகொண்டுதான் கடைக்குப் போவார்கள்.

தனுஷ்கோடிக்கு அதில் குழப்பமே இல்லை. சகலை நயினார்மேல்தான். இவன் மனைவி செண்பகத்தின் அக்காவைக் கட்டியவர் நயினார். கடலைமிட்டாய் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனியைக்கூட தனுஷ்கோடி மன்னித்துவிடுவான். மாமனார் சங்கரலிங்கம் அவரை ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டார், இவனைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டார். அதைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை. இரண்டு பேரும் அந்த வீட்டில்தானே பெண் எடுத்தார்கள்? அவருக்கு முழுப்பெண்ணையும் இவனுக்கு அரைப்பெண்ணையுமா கொடுத்தார்? இப்படிக் கேட்டுக் கேட்டே பதினோரு வருஷத்தை ஓட்டியிருந்தான்.

அவன் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலையில் இருந்தான். இனிமேல் வீட்டிலேயே செய்வதாக முதலாளியிடம் சொல்லிவிட்டான். கயத்தாற்றுக் கல்யாண வீடு ஒன்று முதல் ஆர்டரும் கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் ஓடினால் அவன் தனி ஆள். ஓடாவிட்டால் மறுபடி அதே ஸ்டூடியோ, அதே ஆடும் ஸ்டூல்.

கடைக்குப் போக அவன் தேர்ந்தெடுத்த நாள், மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்த நாள். குடும்பமாகப் போட்டோ எடுக்கும்போது சங்கரலிங்கம், “தம்பி, மாப்பிள்ளை உக்காரணும், அந்தச் சேரை இப்படி நகர்த்து” என்றார். தனுஷ்கோடி நகர்த்தினான். துண்டால் துடைத்தும் வைத்தான். பிறகு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, தாம்பூலப்பையை வாங்கிக்கொண்டு, வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் நேராக ஜெசிந்தாவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனான்.

“பட்ஜெட் யாரு சார்?” என்று கேட்டாள் ஜெசிந்தா. ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டையில் செருகியிருந்தாள்.

“சகலை.”

“நல்லது. சகலைன்னா ஸ்டெடியா வரும். பக்கத்து வீட்டுக்காரன் பேரைச் சொல்லுவாங்க, அவன் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருவான். சினிமா நடிகர் பேரைச் சொன்னவங்க எல்லாம் மானிட்டர் மினுங்குதுன்னு திரும்ப வந்து நிக்கிறாங்க.”

கவுண்டரில் ஒரு பித்தளைத் தட்டு இருந்தது. அதில் கையை வைத்துப் பெயரைச் சொன்னால் பக்கத்து மீட்டரில் முள் நகரும். தனுஷ்கோடி நயினாரின் பெயரைச் சொன்னான். முள் நானூற்றுப் பத்து வாட்டில் போய் நின்றது.

“விசேஷ வீட்டுக்குப் போய்ட்டு வாறீங்களா? பந்தியில சாப்பிட்டு வந்து அளந்தா ஏறித்தான் காட்டும். ஒரு வாரம் கழிச்சு வெறும் வயித்தோட வாங்க.”

“இல்லக்கா, வீட்ல இருந்துதான் வாறேன்” என்று தாம்பூலப்பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பைக்குள் இருந்த தேங்காய் ஷெல்ஃபில் இடித்தது. ஜெசிந்தா காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பட்டியல் எழுத ஆரம்பித்தாள்.

“சகலை கம்ப்யூட்டர்ல நாலு ஃபேன், கலர் கலரா எரியும்” என்றான் தனுஷ்கோடி. “தெருவுல இருந்தே தெரியும்.”

“கேபினட்டைக் கடைசியில பாப்போம். முதல்ல எஸ்.எம்.பி.எஸ்., பவர் சப்ளை. அதுலதான் எல்லாரும் கஞ்சத்தனம் பண்ணுவாங்க. நீங்க எவ்வளவு பொறாமைப்பட்டாலும் அதை வாங்கி ஒழுங்காப் பிரிச்சுக் குடுக்குறது அதானே. ப்ராசஸருக்கு ஏத்த மதர்போர்டா எழுதிருக்கேன். ரேம் ரெண்டும் ஒரே அளவு. ஒண்ணு எட்டு ஒண்ணு பதினாறுன்னு போட்டா, எட்டு வேலை செய்யாம பதினாறையே பாத்துக்கிட்டு இருக்கும்.”

“கிராபிக்ஸ் கார்டு?”

“நீங்க சாதாரண நாள்ல அளந்திருந்தா வேண்டாம்னுதான் சொல்லுவேன். இந்த ரீடிங்குக்குத் தாங்கும்.”

நயினாரிடம் கிராபிக்ஸ் கார்டு இருந்தது. ஆகவே தனுஷ்கோடியும் வாங்கிக்கொண்டான். ஜெசிந்தா ‘நயினார்’ என்று ஸ்டிக்கரில் எழுதி எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்பக்கத்தில் ஒட்டினாள். மூன்று வருஷ வாரண்டி. அதற்குள் பெயரைச் சுரண்டினால் வாரண்டி கிடையாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனுக்கு ஒரே யோசனையாக இருந்தது. நயினாரின் கம்ப்யூட்டரில் யார் பெயர் ஒட்டியிருக்கும்? பின்பக்கம் எப்போதும் சுவரைப் பார்த்தே இருக்கும். எல்லாம் வாய்த்த மனுஷனுக்கு யார்மேல் பொறாமை வரும்? அதை நினைத்தபோதும் பொறாமையாகத்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடியது. காலையில் பட்டனை அழுத்திவிட்டு அந்தச் சேரை நினைத்துக்கொண்டால் பதினோரு விநாடியில் திரை வந்துவிடும். மதியம் மங்கினால் சேரைத் துடைத்ததை நினைத்துக்கொள்வான். கயத்தாற்று ஆல்பத்துக்கு நடுவே மாமனாரின் அறுபதாம் கல்யாண ஆல்பத்தையும் செய்தான். அதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரலிங்கமே வீட்டுக்கு வந்தார்.

அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். குடும்பப் போட்டோ வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அருமையாப் பண்ணிருக்கீங்க மாப்பிள்ளை” என்றார்.

பதினோரு வருஷமாகக் காத்திருந்த சொல். தனுஷ்கோடிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. சங்கரலிங்கம் அதோடு விடவில்லை. “இந்தப் போட்டோவுல நயினார் யார் வீட்டுக்கோ வந்தவர் மாதிரி உக்காந்திருக்காரு, பாவம்” என்று சொல்லி, அப்போதே அவருக்குப் போன் போட்டார். “தம்பி, நான்தான். சாப்பிட்டியாப்பா?” என்றார். அவர் போனை வைப்பதற்கு முன்பே தனுஷ்கோடியின் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது.

அன்றைக்கு முழுதும் சேரை நினைத்துப் பார்த்தான். அது வெறும் சேராகத்தான் வந்தது. ஆல்பம் கொடுக்க ஒன்பது நாள்தான் இருந்தது.

மறுநாள் காலையில், பழையபடி கூப்பிடச் சொல்லிக் கேட்க மாமனார் வீட்டுக்குப் போனான். வாசலில் நயினாரின் பைக் நின்றது. நயினார் கடலைமிட்டாய் அட்டைப்பெட்டியில் தன் எஸ்.எம்.பி.எஸ்.ஸை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் முதல்முறையாக வெளியே தெரிந்தது. ஸ்டிக்கரில் ‘தனுஷ்கோடி’ என்று எழுதியிருந்தது.

“நேத்து மத்தியானம் நின்னுபோச்சு சகலை” என்றார் நயினார்.

“எம்மேல உங்களுக்கு என்ன பொறாமை?”

“உங்களை அவரு தம்பிம்பாரு. சேரை எடு, தண்ணியைக் கொண்டான்னு பெத்த பிள்ளைகிட்ட சொல்லுத மாதிரி சொல்லுவாரு. எனக்குச் சேர் போடுவாரு. இருபது வருஷமா நான் அந்த வீட்டுல விருந்தாளி.”

சங்கரலிங்கம் வெளியே வந்தார். இரண்டு பேரும் விஷயத்தைச் சொன்னார்கள். “அதுக்கென்ன. உள்ள வாங்க மாப்பிள்ளை” என்று நயினாரைப் பார்த்துச் சொன்னார். “அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வா தம்பி” என்று தனுஷ்கோடியைப் பார்த்துச் சொன்னார்.

பிரயோஜனமில்லை. ‘தம்பி’ இப்போது தித்தித்தது. நயினாருக்கும் மாப்பிள்ளைப் பட்டம் உறுத்தவில்லை, எதிரில் நின்றவன் அதற்கு ஏங்கினவன் என்று தெரிந்துபோனதால். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரே பைக்கில் ஏறினார்கள்.

“எங்கப்பா கிளம்பிட்டீங்க?”

“ஒண்ணுமில்ல மாமா” என்றார்கள் இரண்டு பேரும்.

வழியில் தனுஷ்கோடியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். ஜெசிந்தா இருவரையும் அளந்தாள். தனுஷ்கோடி மூன்று வாட். நயினார் இரண்டரை. “வாரண்டியில இதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது சார்” என்றாள். சரி, ஸ்டூலுக்கே திரும்ப வேண்டியதுதான் என்று தனுஷ்கோடி நினைத்தான். அதைச் சொன்னதும் நயினார் டீ வாங்கிவரச் சொன்னார். ஒரு டீயை இரண்டு டம்ளரில் ஆற்றிக் குடித்துக்கொண்டே எதையோ பேசிச் சிரித்தார்கள்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. சங்கரலிங்கம் இறங்கி வந்தார். முகம் சரியில்லை.

“நீங்க ரெண்டு பேரும் எனக்குத் தெரியாம எதைப் பேசிச் சிரிக்கிறீங்க?” என்று கேட்டுக்கொண்டே கவுண்டரில் கையை ஊன்றினார். கை பித்தளைத் தட்டில் இருந்தது. முள் எண்ணூற்று அறுபதில் போய் நின்றது.

ஜெசிந்தா இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.களையும் திருப்பிப் பார்த்தாள். “பேரு ரெண்டும் சரியாத்தான் இருக்கு. ஸ்டிக்கரை மாத்த வேண்டாம், பொறாமைப்படுற ஆளை மாத்தினாப் போதும்” என்றாள்.

இப்போது இரண்டு கம்ப்யூட்டரும் சங்கரலிங்கத்தின் வீட்டு ஹாலில், அவருடைய ஈஸிசேருக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. கயத்தாற்று ஆல்பம் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டது. ஸ்டூடியோ ஸ்டூலில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்து ஆடுகிறார்கள். திரை மங்கும்போது நயினார் குனிந்து தனுஷ்கோடியின் காதில் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லுவார். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

“என்னப்பா அது?” என்பார் சங்கரலிங்கம்.

“ஒண்ணுமில்ல மாமா.”

திரை பளிச்சென்று வந்துவிடும். பதினேழு முடிந்துவிட்டால் பதினெட்டாம் வாய்ப்பாடு இருக்கிறது.