புவனேஸ்வரிக்குத் தெரியாத லாட்ஜ்

வரி பாக்கிக்காக அரக்கு முத்திரை வைத்த அன்றிலிருந்து, ஏற்காட்டில் பஸ் நிற்குமிடத்துக்குப் பின்னாலிருக்கும் மூன்று மாடி லாட்ஜ் அதன் சொந்தக்காரி புவனேஸ்வரியின் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போனது. மற்றவர்களுக்கு அது நீல பெயின்ட்டோடு அங்கேயேதான் நின்றது. அவளுக்கு அந்த இடத்தில் பின்புறத்து சில்வர் ஓக் மரங்களே தெரிந்தன. சேலத்துக் கண் டாக்டர் பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஓராண்டுக்குள் பாக்கியைக் கட்டி லாட்ஜை மீட்கும் உரிமை அவளுக்கு இருந்தது. மாரமங்கலத்து மிளகுத் தோட்டத்தை விற்றுப் பணம் திரட்டினாள். ஆனால் அதிகாரிகள் பணத்தை வாங்குவதற்கு முன், சொந்தக்காரர் தானே கட்டடத்தின் நான்கு மூலைகளையும் தொட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி.

கெடுவின் கடைசி நாள் காலையில் அதிகாரி பாலசுப்பிரமணியம் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சுவர் கைக்குத் தட்டுப்படும் என்பது புவனேஸ்வரிக்குத் தெரியும். பக்கத்துக் கறிக்கடை வாசலிலிருந்து அடிகளை எண்ணிக்கொண்டு, கைகளை நீட்டியபடி நடந்தாள். வேடிக்கை பார்த்த ஜீப் டிரைவர் ஒருவன், "ஏனுங்கக்கா, அத்தாச்சோட்டு மூணு மாடிக் கட்டடம் தெரியலீங்களா? எனக்கு எழுதிக் குடுத்துருங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். கூட்டம் சிரித்தது. அவள் மூன்று மூலைகளைத் தொட்டுவிட்டாள். நான்காவதற்கு நாலடி இருக்கும்போது கறிக்கடை வேலுசாமிக்கு மனம் பொறுக்கவில்லை.

"நொம்பச் சிரமப்படாதீங்க அம்மணி, இங்கதான் இருக்குதுங்க" என்று அவள் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார்.

"ஐயோ, உடுங்கண்ணா! நானே தொட்டிருப்பனுங்களே!"

நான்காவது மூலையைக் காட்டியவர் அண்டைக்காரர் என்று பாலசுப்பிரமணியம் எழுதினார்.

"இன்னொருக்கா தொடறனுங்க சார்."

"ஒருக்காத்தானுங்கம்மா."

வேலுசாமி அதன்பின் ஒரு மாதம் கடை திறக்கவில்லை. லாட்ஜ் ஏலம் போனது. பாக்கி போக மிச்சத்தொகை அவளுக்குச் சேர வேண்டியதுதான். அதை வாங்கவும் நான்கு மூலைகளைத் தொட்டுக் காட்டியதற்குச் சான்று கேட்டார்கள்.

இப்போது அவள் லாட்ஜுக்கு எதிரில் டீ வண்டி போட்டிருக்கிறாள். லாட்ஜில் தங்குகிறவர்கள் மட்டும் அவளுக்குத் தெரிகிறார்கள்: அந்தரத்தில் ஒருவர் பல் துலக்குகிறார், அவருக்கு மேலே ஒரு குடும்பம் படுத்துத் தூங்குகிறது. அறை காலியிருக்கிறதா என்று ஆட்டோக்காரர்கள் அவளிடம்தான் கேட்கிறார்கள். அவள் அண்ணாந்து பார்த்து எண்ணிச் சொல்கிறாள்.