மக்ரூன் டின்னுக்குள் புகை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. அந்தப் பொய்யைச் சொன்னவன் யார் என்பதை ஆறாம் பகுதியில் ஒப்புக்கொள்கிறேன். இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், அதுவரைக்குமாவது எனக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கட்டும்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"முத்துநகரின் நீலக் கடலில் அந்தி சாயும் வேளை, உப்புக் காற்று மெல்ல —"

அடித்துவிட்டேன். இந்த ஊர்க் கடலில் முத்துக் குளித்து எத்தனையோ வருஷமாகிறது, எழுதுகிறவர்கள்தான் இன்னும் முங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கதை நடந்தது ஒரு மாடிவீட்டு அடுக்களையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. அங்கிருந்து கடல் தெரியாது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும்.

இரண்டாவது தொடக்கம்:

"வீட்டிலேயே புகை விஸ்கி! தேவையான பொருட்கள்: விஸ்கி அறுபது மில்லி, பழச்சாறு —"

இதுவும் வேண்டாம். வீடியோவில் ஒருத்தன் ராத்திரி பகல் பாராமல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கிளாஸில் உலர்பனியை, அதாவது ட்ரை ஐஸை, போட்டு, 'நண்பர்களை அசத்துங்கள்' என்கிறான். புகையைக் காட்டி அசத்த வேண்டிய நண்பர்கள் இருந்தென்ன, போயென்ன?

2

மகாராஜனுக்கு ஐம்பத்தாறு வயது. கீழே பேக்கரி, மேலே வீடு. மக்ரூன் வியாபாரம். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த அந்தச் சாமான் வாயில் போட்டதும் கரையும். ஆனால் கடல்காற்று பட்டால் நமுத்துப்போய்ப் பல்லில் ஒட்டும். அதனால் அவர் படித்த வேதம் ஒன்றே ஒன்று: டின்னை இறுக்கி மூடு, விளிம்பில் டேப்பைச் சுற்று. முப்பது வருஷம் இதையே செய்து அந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் ஏறிவிட்டது. ஊறுகாய்ப் பாட்டிலை அவர் மூடினால் பிறகு அவரே வந்துதான் திறக்க வேண்டும்.

சனிக்கிழமைதோறும் குடோனில் குடிப்பார். மைதா மூட்டைமேல் பலகை, எவர்சில்வர் டம்ளர், சோடா, ஒரு பொட்டலம் காராச்சேவு. கூட நாலு பேர். (அந்த நாலில் ஒருவன் நான். எழுதுகிறவனை உத்தமன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.) அவரைக் கேட்டால் அது குடி இல்லை, உடம்பு அலுப்புக்கு.

மகள் ரம்யா பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் மது கலந்து கொடுக்கிறாள். ஹோட்டல் படிப்புக்கு அனுப்பியவர் இவரேதான். மகள் வரவேற்பறையில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுப்பாள் என்று எண்ணியிருந்தார். விஷயம் தெரிந்ததும் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை, குடோனுக்கு வந்துவிட்டார். குடிக்கிற கை சுத்தம், கலக்குகிற கைதான் தீட்டு. என்ன நியாயமோ போங்கள்!

ஊருக்கு அவர் சொன்ன கதை, மகள் உணவுத் தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் என்பது. அதை நம்பித்தான் ஆறுமுகநயினார் அண்ணாச்சி* தன் தங்கை மகனுக்கு அவளைக் கேட்டார். புதன்கிழமை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அதற்காக ரம்யாவை ஊருக்கு வரவழைத்திருந்தார்.

* அவரும் எங்கள் சனிக்கிழமை டம்ளர்காரர்தான். சோடா ஊற்றாத ரகம்.

3

ரம்யாவை எழுதுவதில்தான் தடுமாறினேன். முதல் பிரதியில் "கண்ணீர் மல்க அப்பாவின் காலடியில் —" என்று எழுதினேன். வெட்கமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ரம்யா அழுகிற ஆள் இல்லை, பேரம் பேசுகிற ஆள். வியாபாரி மகள்தானே.

"ஒரே ஒரு கிளாஸ்ப்பா," என்றாள். "உங்க முன்னாலயே கலக்கித் தாரேன். குடிச்சுப் பாத்துட்டும் இது கேவலம்னு சொன்னீங்கன்னா, வேலைய விட்டுட்டு பொதங்கிழமை சேலை கட்டி வந்து நிக்கேன். கேவலம் இல்லைன்னா, நான் என்ன வேலை பாக்கேன்னு அவங்ககிட்ட நீங்க உங்க வாயால சொல்லணும்."

மகாராஜன் உடனே ஒத்துக்கொண்டார். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். எது வந்தாலும் 'கேவலம்' என்று சொல்லிவிடலாம், நாக்கு தன்னுடையதுதானே என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். தோற்க வழியே இல்லாத பந்தயம் என்றால் இந்த ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

4

மனைவி பிரேமா உறவுக்காரக் கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் போன ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நாள் குறித்தார்கள். ரம்யாவோடு படித்த தேவமணி, மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், தெர்மாகோல் பெட்டியில் உலர்பனி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

ரம்யா அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: கையால் தொடக் கூடாது, மூடியை அழுத்தக் கூடாது, அதற்குக் காற்றுப் போக வழி வேண்டும். சொல்லிவிட்டு எலுமிச்சம்பழம் வாங்கக் கீழே இறங்கினாள்.

மகாராஜன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மூடி இடுக்கில் வெள்ளையாகக் கசிந்தது. சரக்கு கண்ணெதிரே காற்றில் போகிறது! நெஞ்சு பொறுக்கவில்லை. இடுக்கியை எடுத்தார். கிளாஸுக்கு ரெண்டு துண்டை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் ஐந்து கிலோ மக்ரூன் டின்னில் அள்ளிப்போட்டு, மூடியை உள்ளங்கையால் குத்தி அமுக்கி, மூன்று சுற்று டேப் சுற்றி, அடுக்களை அலமாரியில் சரக்கு டின்களோடு சேர்த்து வைத்தார். மகள் வந்தால் மெச்சுவாள் என்று நினைத்தார்.

(இந்த இடத்தில் அவரை முட்டாள் என்று எழுதிவிட்டு அடித்தேன். மகளின் தொழிலைக் கேவலம் என்று சொல்லக் காத்திருந்த மனுஷன், அந்தத் தொழிலின் சரக்கு வீணாகப் பொறுக்காமல் டேப் சுற்றியிருக்கிறார். இதை என்னவென்று சொல்வது? எனக்குத் தெரியவில்லை.)

ரம்யா வந்து வேலையைத் தொடங்கினாள். நாவல்பழத்தை நசுக்கி வடிகட்டினாள். கருப்பட்டிப் பாகு, எலுமிச்சைச் சாறு, பெங்களூரிலிருந்து கொண்டுவந்த, அடுப்பங்கரை வாசம் அடிக்கிற விஸ்கி, ஐஸ் எல்லாவற்றையும் குலுக்குக் குவளையில் ஊற்றி மூடித் தோளுக்குமேல் தூக்கிக் குலுக்கினாள். அவள் கண் எங்கேயோ இருந்தது, காது மட்டும் குவளையில் இருந்தது. சத்தம் மாறிய கணத்தில் நிறுத்தினாள்.

மகாராஜனுக்குச் சுருக்கென்றது. வெள்ளைக்கருவை அடிக்கும்போது பதம் வந்துவிட்டதை அவரும் காதால்தான் அறிவார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, யாருக்கும் அவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இவளுக்கு எப்படி வந்தது?

கிளாஸில் ஊற்றி ஒரு துண்டு உலர்பனியைப் போட்டாள். புகை விளிம்பில் வழிந்து அடுக்களை மேடையெல்லாம் படர்ந்தது. அவர் கிளாஸைக் கையில் எடுத்தார்.

"புகை நிக்கிற வரைக்கும் வாய் வச்சிராதீங்கப்பா. உள்ள கெடக்க துண்டு பட்டா தொண்டை வெந்துரும்," என்றாள். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தாள். "மிச்சம் எங்க?"

"டின்ல போட்டு டேப் சுத்திட்டேன்லா. ஒரு பொட்டு வெளிய போகாது."

ரம்யா அப்பாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்து, அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

5

வெடித்தது.

மூடி கூரையில் அடித்து, டியூப்லைட்டை உடைத்துக்கொண்டு இறங்கியது. பக்கத்து டின்களெல்லாம் உருண்டு வாய் பிளந்தன. சிங்கப்பூருக்குப் போக வேண்டிய மக்ரூன் தூளாகிப்போய் அடுக்களை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கீழே பேக்கரியில் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்த ஆறுமுகநயினார் அண்ணாச்சி மாடியேறி ஓடி வந்தார். பின்னாலேயே, கடையில் அவரோடு நின்றிருந்த நானும். கூடத்தில் மகாராஜன் கையில் கிளாஸ், அதில் இன்னும் புகை. வெடியில் திறந்துகொண்ட அடுக்களைக் கதவு வழியாக மேடையில் விஸ்கிப் பாட்டில், குலுக்குக் குவளை. நடுவில் ரம்யா.

"என்னவே மகாராசா, என்ன நடக்கு இங்கன? உம்ம மவ என்ன கலக்குதா?"

இங்கிருந்து மூன்று முடிவு எழுதினேன்.

அ. கூரை இடிந்து ஆறுமுகநயினார் தலையில் விழுகிறது. (எழுதச் சுகமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.)

ஆ. ரம்யா நீளமாக ஒரு பிரசங்கம் செய்கிறாள், எல்லோரும் திருந்தி — (த்தூ.)

இ. மகாராஜன் நிமிர்ந்து சொல்கிறார்: "அண்ணாச்சி, சனிக்கிழமை நாம குடோன்ல குடிக்கதுதான் இது. என் மவ ஒழுங்கா கலக்கியிருக்கா. அவளுக்கு அதான் வேலை. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

இந்த மூன்றாவதைப் பதினோரு தடவை திருத்தி எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி நடக்கவில்லை.

6

நடந்தது இது.

மகாராஜன் மகளைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முகத்தை நான் குடோனில் ஒருநாளும் கண்டதில்லை. 'சனிக்கிழமை' என்று தொடங்கிவிடுவாரோ என்று பயந்துவிட்டேன். என் வீட்டில் நான் சனிக்கிழமை பஜனைக்குப் போகிறவன்.

"ஃப்ரிட்ஜ் கேஸ் வெடிச்சிருக்கும் போல, அண்ணாச்சி," என்றேன் நான்.

சொன்னவன் நான்தான். மகாராஜனைக் காப்பாற்ற இல்லை, என்னைக் காப்பாற்ற.

அவர் வாய் மூடியது. பிறகு, "ஆமா, ஃப்ரிட்ஜுதான்," என்றார். எங்களுக்குப் பின்னால் கூடத்து மூலையில் அந்த ஃப்ரிட்ஜ் ஒரு கீறல்கூட இல்லாமல் உறுமிக்கொண்டு நின்றது. ஆறுமுகநயினார் அதைத் திரும்பிப் பார்த்தார். பாட்டிலையும் பார்த்தார். "பழைய ஃப்ரிட்ஜுன்னா அப்படித்தான்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவருக்கும் சனிக்கிழமை உண்டே.

ரம்யா அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அதற்குள் கிளாஸில் புகை நின்றுபோயிருந்தது.

"இப்ப குடிக்கலாம்ப்பா," என்றாள்.

அவர் குடித்தாரா, குடித்துவிட்டு என்ன சொன்னார் என்பதைப் பார்க்க நான் நிற்கவில்லை. புதன்கிழமை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அது நான் வாய் திறந்ததால் வந்த புதன்கிழமை, அந்த வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய புதன்கிழமை இல்லை.

அதனால் என் வரியை இங்கிருந்து எடுத்துவிடுகிறேன். மகாராஜனின் வாய் திறந்திருக்கிறது. ஆறுமுகநயினார் காத்திருக்கிறார். கிளாஸில் புகை இன்னும் நிற்கவில்லை. வாசற்படியில் என் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்:

"                    "

என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், இல்லை அந்த மனுஷனைப் பேச விட்டுச் சும்மா நில்லுங்கள். ஃப்ரிட்ஜ் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.