பிச்சுமணி சாரின் பைனாகுலர்

தென்காசி டிராயிங் மாஸ்டர் பிச்சுமணிக்குப் பறவைப் பைத்தியம். கோயிலில் முதல் மரியாதை வாங்கும் குடும்பம். அதெல்லாம் தனக்குத் தூசு என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். 1961 சாரல் சீசனில் மார்க்கெட் வாசலில் போர்டே எழுதி வைத்துவிட்டார்: "ஞாயிறு காலை முதல் பஸ். குற்றாலத்தில் பறவை பார்க்க யாரும் வரலாம்." துரைமார் பொழுதுபோக்கைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்ட பெருமையில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

வக்கீல் தில்லைநாயகம் வந்தார். ஜவுளிக்கடை ஜாஹிரா பீவி வந்தாள். தெருக்கூட்டும் ரத்தினமும் வந்தாள். விடியுமுன்னே துடைப்பத்தோடு கோபுரத்தடியில் நிற்பவள். எந்தக் குருவி எந்தப் பொந்தில் என்பது அவளுக்கு அத்துப்படி. கண்ணா அது! இலை அசைந்தால் போதும், விரல் நீண்டுவிடும். அவளைக் கண்டு வக்கீல் முகம் சுளித்தபோது பிச்சுமணி சீறினார்.

"பைனாகுலர் எல்லார் கைக்கும் போகும் அண்ணாச்சி. இஷ்டமில்லாட்டா வரவேண்டாம்."

ரத்தினத்திடம், "சாமின்னு கூப்பிடாதம்மா, சார்வாள்னு சொல்லு," என்றார்.

ஆனால் இரண்டாம் வாரத்திலிருந்து ரத்தினம் பைனாகுலரைத் தொடவில்லை. "வெறுங்கண்ணே போதும் சார்வாள்." கூச்சம் என்று நினைத்துக்கொண்டார். அவள் இல்லாவிட்டால் அவருக்கு அது கூட்டமே இல்லை. தான் செய்வது நிஜமா, வெறும் வாய்ப்பேச்சா என்பதை அவளை வைத்துத்தான் அளந்துகொண்டிருந்தார்.

ஐந்தாம் ஞாயிறு, ஐந்தருவிப் பக்கம். ஆள் சீட்டியடிப்பது போலச் சத்தம் மட்டும் கொடுத்து நாலு வாரமாக ஏமாற்றிய கருநீலக் குருவியை ரத்தினம்தான் கண்டுபிடித்தாள். "அங்கன, அந்த வேருக்குக் கீழ!" வக்கீல் பார்த்தார். அவரிடமிருந்து வாங்கிய பைனாகுலரைப் பிச்சுமணி அப்படியே தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். பிறகு ரத்தினத்தின் கையில் திணித்தார்.

"நீ கண்டுபிடிச்ச குருவி, நீ பாக்காம வேற யாரு பாக்கது?"

பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "யாத்தே, தோள்ல நீலம் மின்னுது சார்வாள்!" என்று திருப்பிக் கொடுத்தாள். பிச்சுமணியின் கை, அவரைக் கேட்காமலே, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றித் துடைத்தது.

அவள் சிரிப்பு நின்றது.

"மொத வாரமும் இப்பிடித்தான் துடைச்சிய. வக்கீலய்யா பாத்தா மட்டும் துடைக்கலியே?"

"சாரல்... சாரல் தண்ணிம்மா," என்றார். அன்றைக்கு ஒரு பொட்டுச் சாரல் இல்லை. வக்கீல் சிரித்தார், சொந்தக்காரனைக் கண்டுகொண்டவர் மாதிரி. ஜாஹிரா பீவி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிச்சுமணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு துண்டில்லாமல் கிளம்பினார். பெரிய திருத்தம்தான், போங்கள்! பஸ் ஸ்டாண்டில் ரத்தினம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, பஸ் வந்துட்டு."

அவள் நிமிரவில்லை. "வேலை கெடக்கு சாமி."

ஐந்தருவியில் அதே சீட்டிச் சத்தம் கேட்டது. காட்டித்தர ஆளில்லை. வக்கீல் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று பைனாகுலரை நீட்டினார். ஜாஹிரா பீவி வாங்கிப் பார்த்தாள். பிச்சுமணி கையை நீட்டினார். கொடுக்குமுன் அவள் முந்தானையை இழுத்து, இரண்டு கண்ணாடிகளையும் அழுத்தித் துடைத்தாள்.

"துடைச்சிட்டேன் சார்," என்றாள்.