நான்கு பேர் ஊர்வலம்

குழல்வாய்மொழி காலையில் இறந்தாள். காமாலை. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்.

தென்காசியில் அன்று தடையுத்தரவு. இந்தி எதிர்ப்பில் ரயில் நிலையப் பலகைக்குத் தார் பூசியிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. தமிழைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் முதலில் உடைத்தது தமிழில் எழுதிய கடைப் பலகைகளைத்தான்.

இருட்டுவதற்குள் அவளை எடுக்க வேண்டும். எனக்கு வேறு கவலை இல்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு அவள் அண்ணன் பால்வண்ணநாதன் குற்றாலத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தான். கோடி போடாமல் எங்களில் பிணத்தை எடுப்பதில்லை. அதற்குள் அனுமதி வாங்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

சப்-இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டியன் என்னை உட்காரச் சொன்னார்.

"அஞ்சு பேர் சேரக் கூடாது சார். அதுலயும் பாடைன்னா மறிக்கணும்னு உத்தரவு."

"பாடைன்னா மட்டும் என்ன சார்?"

"நேத்து ஒரு கூட்டம் பாடை கட்டித் தூக்கிட்டு வந்தது. உள்ள வைக்கோல் பொம்மை. இந்தி செத்துப்போச்சாம். ஆத்தங்கரையில கொள்ளியும் வச்சுட்டானுக."

"இது நிஜப் பாடை சார்."

"நேத்தும் நிஜம்னு நெனச்சுத்தான் தொப்பியக் கழட்டிட்டு நின்னேன். மேல இருக்கவுக சிரிக்காக."

வீட்டுக்குத் திரும்பினேன். ஆளுங்கட்சி நகரச் செயலாளர் வல்லிநாயகம் கதர்ச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, பஸ்ஸ மறிச்சதால ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியலன்னு ரெண்டு வரி எழுதித் தாங்க. அனுமதிய நான் வாங்கித் தாரேன்."

"மூணு வாரமா ஆஸ்பத்திரியிலதான் கெடந்தா, அண்ணாச்சி."

"அத யாரு கேக்கப் போறா?"

அடுத்து எதிர்க்கட்சிப் பேச்சாளர் இசக்கிப்பாண்டி வந்தார். கையில் மடித்த கட்சிக்கொடி.

"அண்ணாச்சி, கண்ணீர்ப்புகையில மூச்சுத் திணறிப் போயிட்டாகன்னு சொல்லுங்க. பேரப் பாருங்க, பேர்லயே மொழி இருக்கு. ஆயிரம் பேரக் கொண்டுவாரேன். எந்தப் போலீஸ் மறிக்கான்னு பாத்துருவோம்."

"தென்காசியில கண்ணீர்ப்புகையே போடலயே."

"போடுவானுக. இன்னும் நாள் கெடக்கு."

வல்லிநாயகம் எழுந்தார்.

"ஏலே இசக்கி, சாவு வீட்டுக்குக் கொடியோட வாரியே, வெக்கமா இல்ல?"

"நீரு மட்டும் பேனாவோட வந்திருக்கேரு. ஒப்பாரி எழுதவா?"

அவள் தலைமாட்டில் நின்றுதான் பேசிக்கொண்டார்கள். ஒருவருக்கு ஆட்சி போய்விடக் கூடாது. இன்னொருவருக்கு வந்துவிட வேண்டும். இடையில் ஒரு பிணம் தேவைப்பட்டது. இரண்டு பேரும் கல்லூரிப் படிப்புப் படித்தவர்கள். என்னைப் போல.

பால்வண்ணநாதன் வந்து சேர்ந்தான். கால் முழுக்கப் புழுதி. பெண்கள் கோடியைப் போர்த்தினார்கள். இசக்கிப்பாண்டி கொடியை விரிக்கப் போனார்.

"பொறந்த வீட்டுக் கோடி விழுந்தாச்சு. அதுக்கு மேல எதுவும் விழாது," என்றேன்.

பாடை கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெருக்கோடியில் இருந்த நல்லகண்ணு மாட்டுவண்டியைக் கொண்டுவந்தான். வைக்கோல் பரப்பி, பாய் விரித்து, அவளைக் கிடத்தினோம். வண்டியோட்ட நல்லகண்ணு. சங்கூதப் பிச்சைமணி. பால்வண்ணநாதன். கொள்ளிச்சட்டியோடு நான். நாலு பேர்.

வண்டி நகர்ந்ததும் இரண்டு கட்சிகளும் பின்னால் கிளம்பின. வல்லிநாயகம் பக்கம் மாலை, இசக்கிப்பாண்டி பக்கம் கொடி, இருபுறமும் ஆட்கள். தெருமுனையில் சுந்தரபாண்டியன் லத்தியைக் குறுக்கே நீட்டினார்.

"யாரு சார் இவங்க எல்லாம்?"

"நாங்க நாலு பேர்தான் சார். பின்னால வாரவங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

அவர் வண்டிக்கு வழி விட்டார். பின்னால் வந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"இதுக்கு மேல ஒரு எட்டு வச்சா ரெண்டு கட்சிக்கும் ஒரே லாரிதான். பக்கத்துல பக்கத்துல உக்காந்து போகணும்."

யாரும் எட்டு வைக்கவில்லை. தமிழுக்காக உயிரைக் கொடுப்பவர்களும் தேசத்துக்காக உயிரைக் கொடுப்பவர்களும் அந்த லாரியில் சேர்ந்து உட்காரத் தயாராக இல்லை.

சுந்தரபாண்டியன் இந்த முறையும் தொப்பியைக் கழற்றினார்.

சுடுகாட்டில் வெட்டியானோடு சேர்ந்து ஐந்து பேரானோம். எண்ணுவதற்கு அங்கே ஆள் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே கொள்ளி வைத்தேன்.